ஊரிலிருந்து கூட்டாளிகள் வருகிறார்கள்: வட சென்னையில் எங்கே கூட்டிப் போவது?

தேரடி_புதுசு

வணக்கமுங்க. நான் பொள்ளாச்சிப் பக்கம். துறைமுகத்தை நம்பி ஓடும் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை கிடைத்து, திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் வாடகை வீடு பிடித்து இருக்கிறேன். பொங்கல் கழிந்து வரும் சனி, ஞாயிறு ஊரிலிருந்து கூட்டாளிகள் வருகிறார்கள். ஒரு ஜோடி, அவர்களுடைய எட்டு வயதுப் பையன், கூட்டாளியின் அம்மா. அப்புறம் முட்டைகூடத் தொடாத இன்னொருத்தன்.

வாட்சப் குழுவில் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். "அங்கெல்லாம் சாயங்காலம் வெளியே போவியாடா?", "வீட்டுக்காரர் ரவுடியா?" என்று ஒரே கேலி. அவர்களுக்கு வட சென்னை என்றால் சினிமாவில் பார்த்தது மட்டும்தான். அவர்களாகவே ஒரு திட்டமும் அனுப்பியிருக்கிறார்கள்: மெரினா, வண்டலூர், மாமல்லபுரம், ஒரு மால். தேரடியிலிருந்து வண்டலூர் போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் செத்துவிடும். எனக்கு என்னவோ நான் இருக்கிற பக்கத்தைக் காட்டத்தான் ஆசை. ஆனால் எனக்கே ஆபீஸ், மெஸ், கோயில் தெரு தாண்டி அதிகம் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

வேளச்சேரிவாசி

நண்பரே, கோபித்துக்கொள்ள வேண்டாம். சின்னப் பையனும் வயதானவரும் வருகிறார்கள். கண்டெய்னர் லாரிப் புழுதியில் அவர்களை எதற்கு அலைக்கழிக்கிறீர்கள்? மெட்ரோ இருக்கிறது. ஏறினால் எழும்பூர் அருங்காட்சியகம், மெரினா, மயிலாப்பூர் எல்லாம் பார்த்துவிடலாம். நீங்கள் அங்கே குடியிருப்பது வேறு, சுற்றிக்காட்டுவது வேறு.

கேட்மூடிட்டாங்க

வந்துட்டாருய்யா. எந்த இழை ஆரம்பித்தாலும் இரண்டாவது பதில் வேளச்சேரியிலிருந்துதான் வரும்.

தம்பி, நான் கொருக்குப்பேட்டை. பிறந்தது முதல் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்தான். என் தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1918 ஏப்ரலில் அந்த மில் ஆட்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டுவார்கள். இந்தப் பக்கம் புழுதி மட்டும்தான் என்று சொல்கிறவர்கள் அந்தப் புழுதி எங்கே போகிற லாரியால் வருகிறது என்றும் யோசிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் வரும் சரக்கு எங்கள் தெரு வழியாகத்தானே போகிறது?

இடம் சொல்ல மற்றவர்கள் வருவார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ தினமும் டீ குடிக்கிற கடைக்கு அவர்களை முதலில் கூட்டிப் போ. "நம்ம பசங்க, பொள்ளாச்சியிலிருந்து" என்று சொல்லி டீ வாங்கிக் கொடு. பாதி பயம் அங்கேயே போய்விடும்.

ஒற்றியூரான்

கூட்டாளியின் அம்மா வருகிறார் என்றீர்கள். அப்படியானால் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குங்கள். தியாகராஜர் கோயில் உங்களுக்கு நடை தூரம்.

வடிவுடையம்மன் கோயில் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். ஆனால் உள்ளே ஒரு உலகமே இருக்கிறது. மூலவர் படம்பக்கநாதருக்கு வருடம் முழுக்கக் கவசம்தான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் நீக்கிப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். ஜனவரியில் வருகிறவர்களுக்கு அது கிடைக்காது, பரவாயில்லை. பிரகாரத்தில் இருக்கும் மகிழ மரத்தடியில் அம்மாவை உட்கார வையுங்கள். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணக்கும்போது, ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று சத்தியம் செய்த இடம் அது. சிவன் சன்னதியில் சத்தியம் செய்வதாகச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் நீர் மகிழடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார் சுந்தரர். சிவனோ நாச்சியார் கனவில் போய், சத்தியத்தை மகிழடியில் கேள் என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டவர் அப்புறம் சத்தியத்தை மீறிக் கண் பார்வையை இழந்தார். எட்டு வயதுப் பையனுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எந்த மாலிலும் கிடைக்காது. மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக் கோயில். பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே உனக்கு முக்தி என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அது இனித்த இடம் ஒற்றியூர். கோயில் சின்னதுதான். சாயங்காலம் கடல் காற்று வரும்போது போங்கள். மத்தியானம் போனால் தரை கொதிக்கும், அம்மா பாவம்.

காசிமேட்டுப்பொண்ணு

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, காசிமேடு இல்லாமல் எப்படி? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மீன் வியாபாரம். நான் மட்டும் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறேன். ஞாயிறு விடியற்காலையில் அம்மாவுக்குக் கூட நிற்பேன்.

ஏலம் இருட்டோடு தொடங்கிவிடும். விசைப்படகுகள் பல நாள் கடலில் இருந்துவிட்டு வந்து நிற்கும். கூடை கூடையாக இறக்கி, சத்தம் போட்டு விலை ஏற்றி, மொத்த வியாபாரிகள் எடுத்துப் போவார்கள். அங்கே குழந்தையோடு நடுவில் போய் நிற்காதீர்கள். தள்ளுவண்டியும் ஐஸ் பெட்டியும் வரும் வேகத்தில் யாரும் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். ஐந்து, ஐந்தரைக்கு மேல் சில்லறை விற்பனைப் பக்கம் வாருங்கள். அங்கே எங்கள் பெண்கள்தான் ராஜ்ஜியம்.

ரப்பர் செருப்பு போட்டு வாருங்கள். ஷூ வேண்டாம், கணுக்கால் வரை தண்ணீர். அணை மீன் சாப்பிட்டுப் பழகினவர்களுக்கு முதலில் சங்கரா வாங்கிக் கொடுங்கள், வறுத்தால் குழந்தையும் சாப்பிடும். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் பர்ஸ் அழும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். கூறு கட்டி வைத்திருப்பதில் மேலே நல்லது, கீழே சுமார் என்று இருக்கும். கேட்டால் கலைத்துக் காட்டுவார்கள். விலை பேசலாம், ஆனால் பாதிக்குக் கேட்டால் என் அம்மா பேச்சையே நிறுத்திவிடுவார். வாங்கிய மீனை வெட்டிக் கொடுக்கத் தனியாக ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கை வேகத்தைப் பார்க்கவே உங்கள் பையன் நகர மாட்டான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஜனவரி என்பதால் உங்களுக்குக் கவலை இல்லை.

ஒரு வேண்டுகோள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். மீனை எடுங்கள், படகை எடுங்கள், ஆட்களைக் கேட்டு எடுங்கள். கொஞ்ச நாள் முன்னால் ஒரு யூடியூப் கும்பல் எங்கள் தெருவுக்கே வந்தது. என் சித்தி வாசலில் உட்கார்ந்து வலையைச் சரி செய்துகொண்டிருந்தார். அவர் முகத்தைப் போட்டு, பின்னால் டமார் டமார் என்று ஒரு இசை, மேலே "பயங்கர ஏரியாவுக்குள் நுழைந்தோம்" என்று தலைப்பு. சித்தப்பா கேட்டதற்கு நீக்குகிறோம் என்றார்கள், நீக்கவில்லை. சித்தியின் மகளுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வீடியோவைக் காட்டிக் கேட்டார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை.

வேளச்சேரிவாசி

@காசிமேட்டுப்பொண்ணு, அந்த வீடியோ விஷயம் அநியாயம். ஆனால் என் கேள்வியும் அதுதானே சகோதரி. "வட சென்னையைச் சுற்றிக்காட்டுகிறேன்" என்று கிளம்புவதே அடுத்தவர் வாழ்க்கையை வேடிக்கை பார்ப்பது ஆகிவிடாதா? மெரினாவில் கடலைத்தான் பார்க்கிறார்கள். இங்கே மனிதர்களையல்லவா பார்க்க வருகிறார்கள்.

காசிமேட்டுப்பொண்ணு

மீன் வாங்க வந்தால் அது வேடிக்கை இல்லை சார், வியாபாரம். வாங்குகிறவர் கேட்கும் கேள்விக்கு என் அம்மா ஆயிரம் பதில் சொல்வார். எந்த மீனுக்கு எந்தப் புளி, எதை மறுநாள் சாப்பிடணும் என்று ஒரு மணி நேரம் பேசுவார். சும்மா நின்று பார்க்கிறவரிடம் "தள்ளு" என்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பேஜோபிரியன்

சாப்பாட்டுப் பேச்சுக்கு இவ்வளவு நேரமா?

சனிக்கிழமை சாயங்காலம் தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்குங்கள். பையனை முன் பெட்டியில் நிற்க வையுங்கள். புதுவண்ணாரப்பேட்டை வரை மேலே போகும் வண்டி தண்டையார்பேட்டைக்கு முன்னால் சரிந்து பூமிக்குள் போகும், குதிப்பான்.

மண்ணடியிலிருந்து செகண்ட் லைன் பீச் சாலைப் பக்கம் நடந்தால் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகள். நான் பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தின் பேரன், வியாசர்பாடி. 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து கடைகண்ணிகளை அரசுடைமை ஆக்கிய பிறகு கையில் கிடைத்ததோடு கப்பலேறியவர்கள் எங்கள் ஆட்கள். அப்படி வந்தவர்களுக்குப் பிழைக்க வழி வேண்டும் என்று 1969இல் பர்மா பஜார் அமைந்தது. சாமான் அங்கே, சாப்பாடு பக்கத்துத் தெருவில்.

ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையாலேயே அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். மொய்ங்கா மீன் குழம்பு மாதிரி, காலையிலும் கிடைக்கும் இடங்கள் உண்டு. முட்டையைப் பிளந்து வெங்காயம் வைத்துத் தருவதுதான் பையன்களுக்குப் பிடிக்கும், காரம் குறைக்கச் சொல்லுங்கள்.

முட்டை தொடாத கூட்டாளிக்கு அத்தோ வேண்டாம். போடாமல் தருவார்கள், ஆனால் கை, கரண்டி, தட்டு எல்லாம் ஒன்றுதான். அவரை என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடைக்குக் கூட்டிப் போய் நெய்யில் குளித்த பொடி இட்லியும் ஊத்தப்பமும் வாங்கிக் கொடுங்கள். அப்படியே மின்ட் தெருவுக்குள் நுழைந்தால் காக்கடா ராம்பிரசாத்தில் சுடச்சுட ஜிலேபியும் பாதாம் பாலும். முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று விற்பார்கள். முறுக்குக்கு நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. சௌகார்பேட்டைக்காரர்கள் நம்ம ஊர் முறுக்கைப் பிடித்துத் தங்கள் சட்னியைத் தடவிய தயாரிப்பு. அந்த ஆள் அதோடு கட்சி மாறிவிடுவார்.

வேளச்சேரிவாசி

ஒரு நிமிடம். மண்ணடி, சௌகார்பேட்டை, பாரிமுனை எல்லாம் எப்போது வட சென்னை ஆனது? அது ஜார்ஜ் டவுன். நல்லது எல்லாவற்றையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள்.

கேட்மூடிட்டாங்க

அடி விழுந்தால் வட சென்னை, அல்வா கிடைத்தால் ஜார்ஜ் டவுனா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம்.

பழையபேப்பர்கடை

ஓட்டுக் கணக்குப் பார்த்தால் வேளச்சேரிக்காரர் சொல்வதில் பாயின்ட் இருக்கிறது. பாரிமுனை இருக்கும் துறைமுகம் தொகுதி மத்திய சென்னை மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. வட சென்னைக்குள் திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம். ஆனால் தொகுதி எல்லை நேற்று போட்டது. கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரம்தான் ஜார்ஜ் டவுன். அது பெருகி வழிந்துதான் வண்ணாரப்பேட்டையும் ராயபுரமும் நிறைந்தன.

இது வெறும் பேச்சில்லை, கண்ணால் பார்க்கலாம். 1758–59இல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகை போட்டபோது கறுப்பர் நகரத்து வீடுகளில் புகுந்து கொண்டு கோட்டையை அடித்தார்கள். போர் முடிந்ததும் ஆங்கிலேயர் கோட்டையை ஒட்டிய வீடுகளை இடித்து வெளியாக்கினார்கள். அதில் யாரும் இனிக் கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஆறில் மிச்சம் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதில் சாய்ந்துகொண்டு போன் பார்ப்பார்கள். நகரத்தைச் சுற்றி மதிலும் எழுப்பினார்கள். அந்த மதிலில் மிச்சமிருக்கும் ஒரு துண்டுதான் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் மாடிப் பூங்கா. பையன் ஏறி ஓடுவான், நீங்கள் 250 வருஷத்து மதில் மேல் நிற்பதாகப் பந்தா காட்டலாம்.

ராயபுரம் ரயில் நிலையத்தைத் தவற விட வேண்டாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. பம்பாயிலும் தாணாவிலும் அதற்கு முந்தி வண்டி ஓடினாலும், அந்த முதல் கட்டடங்கள் இப்போது இல்லை. அதனால் இன்றும் வண்டி நிற்கும் நிலையங்களில் நாட்டிலேயே பழைய கட்டடம் இது. தூண்களைப் பார்த்தால் ஏதோ கவர்னர் மாளிகை என்று நினைப்பீர்கள். வண்டி குறைவு, கூட்டமும் இல்லை.

அதே ராயபுரத்தில் படகுக்காரர்கள் 1829இல் தங்கள் காசில் கட்டிய புனித ராயப்பர் ஆலயம் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் 1910இல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயில். அதற்குள் பார்சிகள் அல்லாதவர்கள் போக முடியாது, வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள். 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவும் அங்கேதான். மூலக்கொத்தளம் சுடுகாட்டில் நடராசன், தாளமுத்து நினைவிடம். 1939இல் இந்தி எதிர்ப்பில் சிறைக்குப் போய் உயிர்விட்டவர்கள்.

ஒற்றியூரான்

பேப்பர்கடை அண்ணே, அந்த அம்மாவைச் சுடுகாட்டுக்கும் கூட்டிப் போகச் சொல்கிறீர்களே. தம்பு செட்டித் தெருக் காளிகாம்பாளைச் சொல்ல விட்டுவிட்டீர்கள். 1677 அக்டோபரில் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கியதாகச் சொல்லும் கோயில். வள்ளலார் சிறுவயதில் பாடிய கந்தகோட்டமும் பக்கத்திலேயே. பேஜோபிரியன் அனுப்புகிற வழியிலேயே இரண்டும் வந்துவிடும்.

தேரடி_புதுசு

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஒரு சந்தேகம். நான் வேலை விஷயமாக எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் அடிக்கடி போகிறேன். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், முகத்துவாரம், அதில் இறங்கி இறால் தடவும் ஆட்கள் என்று அந்த இடமே மனதில் நிற்கிறது. அதையும் காட்டலாமா? நல்லதை மட்டும் காட்டினால் நான் ஏதோ விளம்பரம் செய்கிற மாதிரி இருக்கிறது.

கழிமுகம்

நான் எண்ணூர்க் குப்பத்துக்காரன். இதுவரை படித்துவிட்டுச் சும்மா இருந்தேன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற இடம் எங்களுடையது. இறால், நண்டு, மடவை எல்லாம் கையால் தடவியே பிடிப்போம். சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது, சுடுதண்ணீர் கலந்து மீன் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுக்கப் படர்ந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. கூழைக்கடாக்கள் இறக்கையில் எண்ணெய் அப்பிப் பறக்க முடியாமல் நின்றன. அதே மாதம் பெரியகுப்பத்தில் ராத்திரி அமோனியா கசிந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தச் சமயத்தில் வந்த கேமராக்களுக்குக் கணக்கில்லை. அப்புறம் வந்தவர்கள் விரல் விட்டு எண்ணலாம்.

காட்டலாமா என்றால், காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் கூட்டாளி வீட்டில் எரிகிற விளக்குக்கும் இந்தச் சாம்பலுக்கும் சம்பந்தம் இருக்கிறது, பார்க்கட்டும். ஆனால் "ஐயோ பாவம்" என்று சொல்லிக்கொண்டு வர வேண்டாம். பாலத்தில் ஓரமாக நில்லுங்கள், ஆற்றைப் பாருங்கள். காலையில் வந்தால் இறால் விற்பார்கள், நியாயமான விலைக்கு வாங்கிக்கொண்டு போங்கள். குழந்தையை அதிக நேரம் நிறுத்த வேண்டாம், சாம்பல் தூசும் லாரியும் அதிகம்.

வேளச்சேரிவாசி

@கழிமுகம், இதற்கு நான் மறுபேச்சு பேச மாட்டேன். ஆனால் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இது தேவையா என்பதை அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது. வயதானவர் இருக்கிறார். அவரைக் கோயிலில் விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் போகலாம்.

கேட்மூடிட்டாங்க

அட, முதல் தடவையா சார் சொன்னதை ஒத்துக்கிறேன்.

பையனுக்கு ஒன்றுமே சொல்லவில்லையே யாரும். அவனுக்குக் கேரம் பிடிக்குமா? எங்கள் பக்கம் சாயங்காலம் தெருவிளக்கு வெளிச்சத்தில் போர்டு போட்டுவிடுவார்கள். இது வெட்டிப் பொழுது இல்லை. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போன காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்துவிட்டு வந்தது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். கால்பந்து என்றால் வியாசர்பாடி முல்லை நகர் மைதானம். அந்தப் பக்கத்தை மினி பிரேசில் என்று சும்மா சொல்லவில்லை. நின்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் "ஆட வரியாடா?" என்று கூப்பிட்டுவிடுவார்கள்.

பேஜோபிரியன்

முல்லை நகர் பக்கம் வந்தால் எங்கள் வியாசர்பாடி அத்தோவும் சாப்பிட்டுப் பாருங்கள். பீச்சை விடப் புளி தூக்கலாக இருக்கும். இதைச் சொன்னதற்கு என்னை மண்ணடிக்காரர்கள் அடிக்க வருவார்கள்.

பழையபேப்பர்கடை

இன்னொரு நாள் சேர்ந்தால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். அவர்கள் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் நிற்கும். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உப்புநீர் ஏரி. படகில் ஏற்றுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள்.

தேரடி_புதுசு

என் திட்டம் இதுங்க. சனி காலை தியாகராஜர் கோயில், பத்து மணிக்கு ராயபுரம் ஸ்டேஷன், ராபின்சன் பூங்கா, மாடிப் பூங்கா, மத்தியானம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி, சாயங்காலம் காளிகாம்பாள், கந்தகோட்டம், அத்தோ, மின்ட் தெரு, ராத்திரி கேரம். ஞாயிறு காசிமேடு, எண்ணூர், பழவேற்காடு, திரும்பி வந்து முல்லை நகர், பட்டினத்தார் கோயில், ராத்திரி ரயில். சரியா இருக்குங்களா?

காசிமேட்டுப்பொண்ணு

அண்ணா, இது சுற்றுலா இல்லை, தண்டனை.

ஒற்றியூரான்

பாதியை வெட்டுங்கள். சனிக்கிழமை எம்.சி. ரோட்டுக்குள் அம்மாவும் கூட்டாளி மனைவியும் நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவார்கள். அதற்கு மேல் எதையும் எழுதாதீர்கள். பழவேற்காட்டைத் தூக்குங்கள், அது தனி நாள். மீனை வாங்கிவிட்டு எண்ணூர் போவீர்களா, வீட்டுக்குப் போய்ச் சமைப்பீர்களா? சமைக்கிற நாள் வேறு எங்கும் போக முடியாது.

கேட்மூடிட்டாங்க

எண்ணூர் விரைவு சாலையில் கண்டெய்னர் வரிசை நின்றால் உன் திட்டம் அங்கேயே முடிந்தது. பகலில் கார் எடுக்காதே. மெட்ரோ, நடை, ஷேர் ஆட்டோ. ஞாயிறு விடியற்காலைக்கு மட்டும் தெரிந்த ஆட்டோக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வை.

தேரடி_புதுசு

போன வாரம் வந்துவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

சனிக்கிழமை கோயில். அம்மா மகிழ மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவோடு பேசி, அவர் மருமகள் சண்டை வரைக்கும் கேட்டுவிட்டார். ஒற்றியூரான் ஐயா சொன்ன சுந்தரர் கதையைப் பையனிடம் சொன்னேன். "அப்ப சாமியே ரெண்டு பக்கமும் பேசிச்சா?" என்று கேட்டான். பதில் தெரிந்தவர்கள் சொல்லலாம்.

ராயபுரம் ஸ்டேஷனில் கூட்டாளிக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. "இதுதானா?" என்றான். தூண் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே பார்க்க ஒன்றும் வைக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்வதுங்க. எல்லைத் தூணைத்தான் ரொம்ப நேரம் பார்த்தான். அவன் சர்வேயர், எல்லைக்கல் என்றால் நின்றுவிடுவான். முட்டை தொடாதவன் முறுக்கு சாண்ட்விச் மேல் மயங்கி, ஊரில் கடை போடலாமா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். எனக்கு அத்தோவை விட வாழைத்தண்டு சூப்தான் பிடித்தது. பேஜோபிரியன் மன்னிக்கணும்.

காசிமேட்டில் சங்கரா வாங்கினோம். கூறைக் கலைத்துக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். கூட்டாளி பாதி விலைக்குக் கேட்டான், விற்கிற அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. எந்த அக்கா என்று கேட்கவில்லை, காசிமேட்டுப்பொண்ணின் அம்மாவாகக்கூட இருக்கலாம். வாங்கி முடித்ததும் கூட்டாளியின் மனைவி மட்டும் கேட்டு ஒரு படம் எடுத்தார். அந்த அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டு, தராசைக் கையில் பிடித்து நின்றார்.

எண்ணூருக்கு நானும் கூட்டாளியும் மட்டும் போனோம். பாலத்தில் நின்றபோது அவன் அதிகம் பேசவில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) பாசன வாய்க்கால் தண்ணீருக்கு எங்கள் பக்கம் நடக்கும் சண்டையைப் பற்றித்தான் திரும்பி வரும்போது பேசிக்கொண்டு வந்தான். இறால் வாங்கினோம் @கழிமுகம்.

கேரம் ஆட அவனுக்கு இடம் கொடுத்தார்கள். பையனுக்கு. ஒரு காய்கூடப் போடவில்லை, ஆனால் ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கும் விதத்தை ஒரு அண்ணன் கற்றுக் கொடுத்தார். இப்போது பொள்ளாச்சியில் போர்டு வாங்கித் தரச் சொல்லி ஒரே ரகளையாம்.

கேட்மூடிட்டாங்க

வீட்டுக்காரர் ரவுடியா என்று கேட்டார்களே, பார்த்தார்களா?

தேரடி_புதுசு

பார்த்தார்கள். வீட்டுக்காரர் ரிடையர்டு தமிழ் வாத்தியார். பட்டினத்தார் பாட்டு சொல்லி முக்கால் மணி நேரம் விடவில்லை. ரவுடியாக இருந்திருந்தாலே பரவாயில்லை என்றான் கூட்டாளி.

மாத்தூர்_மருமகள்

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். அடுத்த மாதம் என் மாமனார் சேலத்திலிருந்து வருகிறார், வடிவுடையம்மனைப் பார்க்க வேண்டுமாம். முட்டி வலி, படி ஏற மாட்டார். மெட்ரோவில் கூட்டிப் போகலாமா?

ஒற்றியூரான்

தாராளமாக. தேரடி ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது, கீழே இறங்கிக் கோயில் வாசல் வரை ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் மட்டும் வேண்டாம். பௌர்ணமியில் மேலூர் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியுடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் கூட்டம் வரிசை கட்டும், அவரால் நிற்க முடியாது. மாசித் திருவிழாத் தேதியையும் பார்த்துக்கொண்டு, ஒரு செவ்வாயோ புதனோ காலை எட்டு மணி சுமாருக்குக் கூட்டி வாருங்கள் அம்மா.